தணிகை மலையும் தூசிப் போர்வையும்



திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாட்களைக் குறிப்பன அவை என்பர். மார்கழி விடியலொன்றில் அப்படிகளை ஏறி, மேலிருந்து கீழே நோக்கினேன். ஊரைக் காணோம்! வெண்மையும் பழுப்பும் கலந்த போர்வையொன்று வீடுகளை மூடிக் கிடந்தது. வெறும் பனிதானே என்று நீங்கள் கேட்கலாம். சிறுவயதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

பனித்துளி ஒவ்வொன்றும் ஒரு நுண்டுகளைப் பற்றிக்கொண்டே பிறக்கிறது. 1880-ஆம் ஆண்டையொட்டி இதனைச் சோதனையால் காட்டியவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் எய்ட்கன். துகள்களை எண்ணும் கருவியொன்றையும் அவர் அமைத்தார். அதனை மலையுச்சிகளுக்கும் கொண்டு சென்றார்.

அடுப்புப் புகை, வண்டிப் புகை, சாலைப் புழுதி, கடலுப்பு ஆகிய யாவும் காற்றில் துகள்களாக மிதக்கின்றன. அவற்றுள் 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. மூக்கால் தடுக்க இயலாத அவை நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன.

இரவில் தரை குளிர, அதனைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது. மேலுள்ள வெப்பக் காற்று, சட்டிக்கு இட்ட மூடிபோல் அமைகிறது. புகைக்குப் போக்கிடம் இல்லை. வெயில் ஏறியதும் மூடி விலகுகிறது. காற்றோடு துகள்களும் மலையேறுகின்றன. அன்று முற்பகலில் அப்போர்வை நான் நின்ற இடத்திற்கே வந்துவிட்டது. நகரி மலையும் மங்கி மறைந்தது.

இமயத்திலும் இதுவே கதை. எவரெஸ்டுக்கு அருகே, 5,079 மீட்டர் உயரத்தில் 2006-இல் ஆய்வைத் தொடங்கிய நிலையம், பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று கரித்துகளைச் சுமந்து வருவதைக் கண்டது. பனிப்பாறையில் படிந்த கரி, வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்குகிறது. நமக்கு அண்மையிலேயே, திருப்பதியை அடுத்த காதங்கியில், லேசர் ஒளியை விண்ணில் செலுத்தித் துகள்களை ஆராய்கின்றனர்.

இதில் நமக்கு ஆறுதலும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் தங்கும். கரித்துகளோ சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு மண்ணில் இறங்கிவிடும். ஆகவே, இன்று நாம் புகையைக் குறைத்தால் விரைவிலேயே பயன் காணலாம். விறகடுப்பின்முன் இருமும் அன்னையருக்குப் புகையில்லா அடுப்பு வேண்டும். போகியன்று ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை நாம் விட வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலிருந்து தெரியும் மலையொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது தெளிவாகத் தெரிகிறதா, மங்குகிறதா என்று நாள்தோறும் ஏட்டில் குறித்து வாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். நீங்கள் சுவாசிக்கும் காற்றின் வரலாறு அவ்வேட்டில் விளங்கும்.