சிக்னல் குறைந்தால் பேச்சு குறையும்

இணையவழி ஆங்கில வகுப்பில் மாணவர் எவ்வளவு கற்கிறார் என்பதை ஆசிரியரும் பாடமும் மட்டுமல்ல, இணைப்பின் தரமும் தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபோது இது வெட்டவெளிச்சமானது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய நகர்ப்புற வீடுகளில் 42 சதவீதத்தில் இணைய வசதி இருந்தது, கிராமப்புறத்தில் 14.9 சதவீதம்தான்.

தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. செலவுச் சுமைக்கு அது நல்ல மருந்து. ஆனால், டவர் எட்டாத ஊரில் டேட்டா கார்டு மட்டும் இருந்து பயனில்லை.

எல்லாத் திறன்களும் ஒரேயளவு பாதிக்கப்படுவதில்லை. வாசிக்கவும் எழுதவும் ஒருமுறை தரவிறக்கிய பாடம் போதும். அடிபடுவது கேட்டலும் பேசுதலும்தான். ஆங்கிலத்தின் 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகள் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் ஒலிப்பவை. இணைப்பு பலவீனமாகும்போது செயலிகள் ஒலித்தரத்தைக் குறைக்கின்றன. முதலில் மங்குவது இந்த ஒலிகளே. 'புக்' என்றாரா, 'புக்ஸ்' என்றாரா என்பது தெரியாமல் போகிறது. பன்மை இலக்கணமே அந்தக் கடைசி ஒலியில்தான் இருக்கிறது.

அடுத்தது தாமதம். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைப் பெரிதும் தாண்டினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட நேர்கிறது. தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் வாய்திறக்கத் தயங்கும் மாணவர் இரண்டு முறை இப்படித் தடுமாறினால் மைக்கை அணைத்துவிடுகிறார். அந்த மௌனத்தை ஆசிரியர் ஆர்வக்குறைவு என்று எண்ணிவிடுவதும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் 2003-ல் தொடங்கிய என்பிடெல்லின் காணொளிப் பாடங்களைத் தரவிறக்கி, இணைப்பு இல்லாத நேரத்திலும் பார்க்கலாம். பேச்சுப் பயிற்சிக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு உதவும். நேரலை வீடியோவைவிட மிகக் குறைந்த டேட்டாவே அதற்குப் போதும். மாணவர் தன் குரலைக் கேட்டு, திருத்தி, மீண்டும் பதிவுசெய்து அனுப்பலாம். மாலை நேரங்களில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தைத் திறந்துவைப்பதும் பலன் தரும்.

வாய்மொழித் தேர்வை நேரலையில் மட்டுமே நடத்தும் கல்லூரி, மாணவரின் ஆங்கிலத்தோடு அவரது ஊரின் சிக்னலுக்கும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறது. குரல் பதிவையும் தேர்வாக ஏற்பதே நியாயம்.