இருபத்தொன்று: போட்டியின் விதியும் உபாயமும்

கொஸ்லந்த கடைவீதியை ஊடறுத்துச் செல்லும் ஏ 4 பெருந்தெரு, மேற்கே பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி முதலிய ஊர்களைக் கடந்து கொழும்பிற் சென்று முடிகின்றது. ஊவாத் தோட்டப் பகுதிகளின் இளைஞர் பலர் கடைகளிலும் விடுதிகளிலும் தொழில் தேடி இத்தெருவழியே தலைநகர் செல்வது நெடுங்கால வழக்கம். அந்நகரிலே 2025 ஓகஸ்ட் 2 ஆம் நாள் ‘சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்’ என்னும் பெருவிடுதி தன் கசினோவோடு திறக்கப்பட்டபின், சூதாட்ட நிலையங்களைப் பற்றிய பேச்சு முன்னிலும் பெருகியது. அங்கு ஆடப்படும் ஆட்டங்களுள் பிளாக்ஜாக் எனப்படும் இருபத்தொன்று, அறிவாற் கைவரக்கூடியது என்று பெயர் பெற்றது. அதனைப் போட்டியாக நடத்தும்போது அறிவுக்குள்ள இடம் இன்னும் பெரிது என்பர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை ஆராய்தல் தகும்.

முதலில் ஆட்டத்தின் விதி. சீட்டுகளின் எண்ணைக் கூட்டி இருபத்தொன்றை இயன்றவரை நெருங்க வேண்டும். அதனைத் தாண்டியவர் அக்கணமே தோற்றவர். உருவம் பொறித்த சீட்டுகள் ஒவ்வொன்றும் பத்து. ஆசு ஒன்றாகவோ பதினொன்றாகவோ கொள்ளப்படும். மேசையிலுள்ளோர் அனைவரும் நிலையத்தின் சார்பில் சீட்டு வழங்குபவர் ஒருவரையே எதிர்த்து ஆடுவர். அவருடைய இரு சீட்டுகளுள் ஒன்று வெளிப்படையாக இருக்கும். ஆடுவோர் மேலும் சீட்டுக் கேட்கலாம், நின்றுகொள்ளலாம், பந்தயத்தை இரட்டித்து ஒரே சீட்டு வாங்கலாம். முதலிரு சீட்டுகளிலேயே ஆசும் பத்தும் வாய்த்தவர்க்கு, பழைய விதிப்படி, பந்தயத்தின் ஒன்றரை மடங்கு கிடைக்கும்.

நிலையத்தின் ஆதாயம் எங்கே ஒளிந்திருக்கின்றது? ஆடுவோர் முதலில் ஆட வேண்டும் என்னும் விதியிலேயே ஒளிந்திருக்கின்றது. அவர் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால், பின்னர் நிலையத்தவரும் தாண்டினாலும் அவரது பணம் திரும்பாது. இதனால் நூறு கைகளில் ஏறத்தாழ 49 தோல்வியாகவும், 42 வெற்றியாகவும், எஞ்சியவை சமனாகவும் முடிகின்றன. இரட்டிப்பும் ஒன்றரை மடங்குப் பரிசும் இவ்விடைவெளியைப் பெரிதும் குறைக்கும். ஆயினும் முற்றாக அழிப்பதில்லை. 1956 இல் அமெரிக்கர் நால்வர் எந்தக் கைக்கு எது தக்க செயல் என்பதைக் கணித்து ஒரு புள்ளிவிபரவியல் ஏட்டில் வெளியிட்டனர். 1962 இல் எட்வர்ட் தோர்ப் என்னும் கணித அறிஞர், கழிந்துபோன சீட்டுகளை நினைவில் வைத்துப் பந்தயத்தை மாற்றும் முறையை நூலாக்கினார். அட்டவணையை வழுவாது பின்பற்றினால், நல்ல விதிகளுள்ள மேசையில் நிலையத்தின் ஆதாயம் நூற்றுக்கு அரை அளவுக்குச் சுருங்கும். மனம்போனபடி ஆடினால் அது பன்மடங்காகும்.

இனிப் போட்டியைக் காண்போம். போட்டியில் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்தி ஒரே அளவான வில்லைகளைப் பெறுவர். அவ்வில்லைகளைப் பணமாக மாற்றவியலாது. அவை புள்ளிக் கணக்கிற்கே உரியன. மேசைக்கு ஆறு அல்லது ஏழு பேர் அமர்வர். இருபது, முப்பது என வரையறுத்த எண்ணிக்கையான கைகள் முடிந்ததும் மிகுந்த வில்லைகளை உடையவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். மிகக் குறைந்த பந்தயமும் மிகக் கூடிய பந்தயமும் முன்னரே குறிக்கப்படும். முதலிற் பந்தயம் வைக்கும் முறை கைக்குக் கை அடுத்தவரிடம் நகரும். 2006 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு போட்டித் தொடரில் 8, 16, 25 ஆம் கைகளின் முடிவில் கடைசியாக நின்றவரை நீக்கும் வழக்கமும் இருந்தது.

இவ்விதிகளால் ஆட்டத்தின் நோக்கமே மாறிவிடுகின்றது. தேயிலை மலையில் நாளாந்த நிறையை எட்டாதவர்க்கு முழுப்பேர் கிடைக்காது. அங்கே போட்டி தராசோடு. கொழுந்து பறிக்கும் பந்தயம் ஒன்றிலோ எத்தனை கிலோ என்பது பொருட்டன்று. அடுத்த நிரையில் நிற்பவரினும் ஒரு பிடி கூடுதலாக இருந்தாற் போதும். சாதாரண இருபத்தொன்று முன்னையதைப் போன்றது. போட்டி பின்னையதைப் போன்றது. சீட்டு வழங்குபவரிடம் அனைவரும் தோற்றாலும், எல்லாரினும் குறைவாகத் தோற்றவரே வென்றவராவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். கடைசிக் கையில் முன்னிற்பவரிடம் 1200 வில்லைகளும், பின்னிற்பவரிடம் 1000 வில்லைகளும் உள்ளன எனக் கொள்வோம். பின்னிற்பவர் முதலில் 300 பந்தயம் வைக்கின்றார். வென்றால் அவரிடம் 1300, தோற்றால் 700. முன்னிற்பவர் செய்யத்தக்கது யாது? அவரும் அதே 300 ஐ வைப்பதாம். இருவரும் வென்றால் 1500 க்கு 1300. இருவரும் தோற்றால் 900 க்கு 700. எவ்வாறாயினும் அவரே முந்துவர். தமது முடிவு எதிராளியின் முடிவினும் தாழ்ந்தால் மட்டுமே அவருக்கு ஆபத்து. இருவரும் எதிர்ப்பது ஒரே சீட்டு வழங்குபவரை ஆதலின், அவர் தவறினால் இருவரும் பயன்பெறுவதும், அவர் கை வலுத்தால் இருவரும் இழப்பதும் பெரும்பான்மை. எதிராளி பந்தயத்தை இரட்டித்தாரா என்பதைக் கவனித்துத் தாமும் அவ்வாறு செய்ய வேண்டுமா என முடிவு செய்வதே முன்னிற்பவருக்கு எஞ்சும் வேலை.

முறை மாறினால் நிலைமையும் மாறும். முன்னிற்பவர் முதலில் 300 வைத்துவிட்டார் எனக் கொள்வோம். அவர் தோற்றால் 900 ஆகிவிடுவர். இப்போது பின்னிற்பவர் அதே தொகையை வைப்பது பேதைமை. அவர் 50 மட்டும் வைத்தாற் போதும். தோற்றாலும் 950 எஞ்சும். எதிராளியின் கை தோற்பதொன்றே அவருக்கு வேண்டுவது. அது நூற்றுக்கு ஏறத்தாழ 49 முறை நிகழ்வது. ஆகவே முன்னிற்பவர் முதலிற் பேச நேர்ந்தால் சிறிதாக வைத்து, எதிராளியே பெரிதாக வைத்து வெல்ல வேண்டிய நிலையை உண்டாக்குவதே விவேகம். முன்னிற்பவர் பிறரைப் பின்பற்ற வேண்டும். பின்னிற்பவர் பிறர்க்கு மாறாக நடக்க வேண்டும். கடைசியாகப் பந்தயம் வைக்கும் இடம், பல வேளைகளில், நல்ல சீட்டினும் பெறுமதி வாய்ந்தது.

இவ்வுபாயத்தின் அடிப்படையில் மூன்று பழக்கங்கள் வேண்டப்படும். தம் வில்லைகளை மட்டுமன்றி மேசையிலுள்ள அனைவரின் வில்லைகளையும் ஓயாது எண்ணி வருதல் ஒன்று. இறுதிக் கையில் தமக்கு எந்த முறை வரும் என்பதை முன்னரே கணித்து வைத்தல் இரண்டு. பின்தங்கியவர் கடைசிக் கைவரை காத்திராது, ஈடுசெய்ய இன்னும் சில கைகள் எஞ்சியிருக்கும்போதே பெரும் பந்தயத்தை வைத்தல் மூன்று. ஒரு பெரும் பந்தயம் தவறினும் மற்றொன்றுக்கு இடமிருக்க வேண்டுமன்றோ?

அவ்வாறாயின் அறிவாளிக்குப் போட்டி வருவாய் தரும் வழியாகுமா? இங்கேதான் மயக்கம் தோன்றுகின்றது. எடுத்துக்காட்டாக, 100 பேர் தலைக்கு 10,000 ரூபாய் செலுத்துகின்றனர் எனவும், திரண்ட 10 இலட்சத்தில் 9 இலட்சம் பரிசாகத் திரும்புகின்றது எனவும் கொள்வோம். சராசரியாக ஒருவருக்கு 9,000 ரூபாய். ஆனால் அச்சராசரியை எவரும் பெறுவதில்லை. பரிசுகள் பத்துப்பேருக்கு உரியனவாயின், தொண்ணூறு பேர் வெறுங்கையோடு எழுவர். உபாயம் தெரிந்தவரின் வாய்ப்பு இருமடங்காயினும், அவரும் பெரும்பான்மைப் போட்டிகளில் அத்தொண்ணூற்றுள் ஒருவராகவே இருப்பர். மேசையில் அமர்ந்த பிறரும் அதே உபாயத்தைக் கற்றவராயின் அவ்வாய்ப்பும் தேயும்.

வாயிற்செலவையும் மறத்தலாகாது. கசினோவுக்குள் நுழையும் இலங்கைப் பிரசைகளுக்கான தீர்வை 2025 இல் 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. அக்காலத்து மதிப்பில் அது ஏறத்தாழ 30,000 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்தெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அக்கணக்கின்படி, ஒரு வில்லையையேனும் தொடுமுன்னரே, மலையேறி இறங்கிய இருபத்திரண்டு நாட் பேர் வாயிலில் கழிந்துவிடும்.

ஆகவே போட்டி இருபத்தொன்று அறிவுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. அவ்விருந்தை லயத்துத் திண்ணையில் புளியங்கொட்டைகளை வில்லைகளாக வைத்தும் அருந்தலாம். 1200 க்கு 1000 என்ற கணக்கு அங்கும் அதே கணக்குத்தான். பக்கத்தில் இருப்பவரின் கையிருப்பை எண்ணக் கற்பிப்பது இவ்வாட்டம். தன் கையிருப்பை எண்ணும் பாடத்தை, வாயிலைத் தாண்டுமுன் ஒவ்வொருவரும் தாமே கற்றுக்கொள்ள வேண்டும்.