மீன் குட்டைக்குக் கலர் விளக்கு வேண்டுமா?

பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருக்கும் நண்பர்கள் சிலர், "பச்சை விளக்கு போட்டா மீன் சீக்கிரம் வளருமாமே, வாங்கலாமா சார்?" என்று கேட்கிறார்கள். வங்கியில் இருந்த பழக்கம், செலவு என்றால் வரவு எங்கே என்று பார்க்கத் தோன்றுகிறது.

விஷயம் பொய்யில்லை. கடலடியில் படுத்துக் கிடக்கும் ஒருவகைத் தட்டை மீனை ஜப்பானில் தொட்டியில் வைத்துப் பல நிற ஒளியில் வளர்த்துப் பார்த்தார்கள். பச்சை ஒளியில் அது நன்றாக வளர்ந்தது. 2001-இல் வெளியான பிரேசில் ஆய்வில், நெருக்கி அடைத்த ஜிலேபி மீன்களுக்கு நீல ஒளியில் பதற்றத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு ஏறவில்லை. ஆக, மீனுக்கு மீன் நிறம் மாறுகிறது.

ஆனால் அதெல்லாம் தொட்டி மீன். தெளிந்த தண்ணீர், கையால் போடும் தீவனம். நம்ம குட்டையில் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்கின்றன. அவற்றின் இயற்கைச் சாப்பாடு சூரிய ஒளியில்தான் தொடங்குகிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி ஒளியில் வளர்கிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மீன் இரண்டையும் தின்கிறது. பகலில் தண்ணீரில் பிராணவாயு சேர்வதும் பெரும்பாலும் பாசியால்தான். இன்னொன்று, பாசி நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. அதாவது, காசில்லாமலே குட்டைக்குள் பச்சை விளக்கு எரிகிறது!

அதனால் பார்க்க வேண்டியது விளக்கின் நிறத்தை அல்ல, தண்ணியின் நிறத்தை. காலை பத்து மணிக்கு மேல் கையை நேராக நீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரி. ஏறக்குறைய ஒன்று, ஒன்றேகால் அடி ஆழம்.

முழங்கை தாண்டியும் கை பளிச்சென்று தெரிந்தால் பாசி போதாது. மக்கிய சாணத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

மணிக்கட்டு நனைவதற்குள் கை மறைந்து, தண்ணி கரும்பச்சையாக இருந்தால் ஆபத்து. இரவில் பாசியும் பிராணவாயுவை இழுக்கும்; விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்தி, மோட்டார் போட்டு புதுத் தண்ணியைத் தெளித்து விடுங்கள்.

செம்மண் நிறம் என்றால் அது பாசியே இல்லை, வண்டல். வத்தலக்குண்டு பக்கம் மலையடிவாரத்தில் ஐப்பசி மழைக்கு இது சகஜம். ஒளி உள்ளே இறங்காது, சாணம் போட்டும் பலன் குறைவு. தண்ணி நுழையும் இடத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, கரையில் வெட்டிவேரோ புல்லோ வையுங்கள். சாதாக் கெண்டையை அதிகம் விட்டாலும் அது அடிமண்ணைக் கிளறிக் கலக்கும்.

விளக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் வண்டல் குழியை வெட்டுங்கள். மின் கட்டணமும் மிச்சம்.