கடப்பா கல்லும் பெலும் குகையும்

தாராவியில் சின்ன வீடாக இருந்தாலும் ஒரு சமையல் மேடை இருக்கும். மேடைமேல் கருப்பாக ஒரு பலகைக் கல் போட்டிருப்பார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீடுகளில் இதே கல்தான். இதன் பெயர் கடப்பா கல். ஆந்திராவில் உள்ள கடப்பா பக்கத்திலிருந்து வந்ததால் இந்தப் பெயர்.

இந்தக் கல்லின்மேல் எலுமிச்சைச் சாறு சிந்திவிட்டது. உடனே துடைக்கவில்லை. என்ன ஆகும்? அந்த இடம் மட்டும் பளபளப்புப் போய் வெளுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது அழுக்கு இல்லை. புளிப்பு கல்லைத் தின்றுவிட்டது. கடப்பா கல் ஒருவகைச் சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் சுண்ணாம்புக் கல் கரையும்.

இது புரிந்தால் போதும். பூமிக்குள் குகை எப்படி உண்டாகிறது என்பதும் புரிந்துவிடும்.

மும்பைக்காரர்களுக்குக் குகை என்றதும் போரிவலியில் உள்ள கன்னேரி நினைவுக்கு வரும். கடல் நடுவே உள்ள எலிஃபெண்டாவும் நினைவுக்கு வரும். ஆனால் அவை மனிதர்கள் உளியால் குடைந்தவை. அந்தக் கல்லும் வேறு. அது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல். தண்ணீர் அதை எளிதில் கரைக்காது.

சுண்ணாம்புக் கல் இருக்கும் ஊரில் கதை வேறு. அங்கே தண்ணீரே உளி. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. சோடாவில் இருப்பதும் இதே வாயுதான். அதனால் தண்ணீரில் இலேசான புளிப்பு ஏறுகிறது. அந்தத் தண்ணீர் கல்லின் விரிசலில் இறங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைக் கரைக்கிறது. இலட்சக்கணக்கான வருடம் இப்படி நடந்தால் விரிசல் வழியாகிறது. வழி குகையாகிறது.

கரைந்த சுண்ணாம்பு எங்கே போகிறது? ஊரில் உப்புத்தண்ணீர் காய்ச்சும் பானையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குகையிலும் அப்படித்தான். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டும் துளி சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. அது கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும். கீழே சொட்டு விழும் இடத்தில் புற்றுபோல் மேலே வளரும். ஒரு அங்குலம் வளர நூறு, இருநூறு வருடம் ஆகலாம். சில இடங்களில் ஆயிரம் வருடமும் ஆகும்.

இப்படி ஒரு குகை நாம் ஊருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. மும்பையிலிருந்து சென்னைப் பக்கம் போகும் பல ரயில்கள் குண்டக்கல், குத்தி, தாடிபத்திரி, கடப்பா வழியாகப் போகின்றன. தாடிபத்திரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் பெலும் என்ற கிராமம். முன்பு கர்நூல் மாவட்டம். 2022 முதல் நந்தியால் மாவட்டம். கிராமத்தின் பேரால் அதைப் பெலும் குகை என்கிறார்கள். பிலம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தமிழிலும் பிலம் என்றால் குகைதான்.

1884ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் இந்தக் குகையைப் பற்றி எழுதிவைத்தார். 1863ல் சென்னைப் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவரும் இவரே. பிறகு ஏறத்தாழ நூறு வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து ஊர்க் குப்பையைக்கூட இதில் கொட்டினார்கள். 1982, 1983 வருடங்களில் ஜெர்மனியைச் சேர்ந்த கெபாவர் என்பவரின் குழு உள்ளே ஊர்ந்து போய் அளந்தது. அதன்பின் அரசு பாதுகாப்புக் கொடுத்தது. குப்பையை அள்ளினார்கள். பாதை போட்டார்கள். விளக்கு வைத்தார்கள். 2002ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குகையின் நீளம் 3,229 மீட்டர். அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் மக்கள் போகலாம். வாசல் ஒரு கிணறுபோல் இருக்கும். படியில் இறங்க வேண்டும். உள்ளே சிங்கமுகம் போன்ற கல் உண்டு. ஆயிரம் லிங்கம் தொங்குவதுபோல் ஒரு கூடம் உண்டு. மிக ஆழமான இடத்தின் பெயர் பாதாளகங்கை. அது சுமார் 46 மீட்டர் ஆழம். 15 மாடிக் கட்டடத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல. அங்கே ஒரு சின்ன ஓடை ஓடி மறைகிறது.

குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நினைப்போம். பெலும் அப்படி இல்லை. உள்ளே புழுக்கம். வேர்த்து ஊற்றும். ஆகவே தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஆழத்துக்கு இறங்க வேண்டாம். மேல் கூடத்தைப் பார்த்தாலே போதும். தரை ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பு, அதுவும் வார் வைத்த செருப்பு நல்லது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். தலை பத்திரம்.

உள்ளே விளக்கு இருக்கிறதே, டார்ச் எதற்கு என்று கேட்பார்கள். கரண்ட் போனால்? குகை இருட்டு நம் தெருவின் இருட்டு மாதிரி இல்லை. உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டும். விளக்குப் போனால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே மேலே ஏறுங்கள். பள்ளமான இடத்தில் கெட்ட காற்று தங்கும். பாழுங் கிணற்றில் இறங்கியவர்கள் மயங்கி இறந்த செய்தி ஊரில் கேட்டிருப்பீர்கள். அதே காற்றுதான். விளக்கைக் கொளுத்திப் பார்த்துவிட்டு இறங்கும் வழக்கம் உண்டு. அதை நம்பக் கூடாது. தீ அணையும் முன்பே ஆள் மயங்கலாம். வவ்வால் இருந்தால் கலைக்காதீர்கள். கையில் பிடிக்காதீர்கள். 2020ல் மகாபலேஷ்வர் குகை வவ்வால்களைப் புனே விஞ்ஞானிகள் சோதித்தார்கள். சிலவற்றில் நிபா கிருமியின் அடையாளம் தெரிந்தது.

பாதையும் விளக்கும் இல்லாத குகைகளும் நாட்டில் பல உண்டு. அங்கே பழகிய ஆள் இல்லாமல் நுழையவே கூடாது. மழைக்காலத்தில் யாருமே நுழையக் கூடாது. தாய்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2018 ஜூன் 23ஆம் தேதி. கால்பந்து ஆடும் 12 பையன்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் தாம் லுவாங் என்ற சுண்ணாம்புக் குகைக்குள் போனார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ளம் வரும் என்று வாசலில் பலகை இருந்தது. இவர்கள் போனது ஜூனில். ஆனால் மழை தேதி பார்த்து வராது. மலைமேல் பெய்த மழை உள்ளே புகுந்து வழியை அடைத்தது. ஜூலை 2ஆம் தேதிதான் அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. தண்ணீரை இறைக்க உதவப் புனேயின் கிர்லோஸ்கர் கம்பெனி பம்ப் நிபுணர்களும் போனார்கள். ஜூலை 10ஆம் தேதி கடைசி ஆள் வெளியே வந்தார். எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்களுக்காகக் காற்று உருளை கொண்டுபோன முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் இறந்துபோனார்.

எனவே போகுமுன் வெளியில் ஒருவரிடம் சொல்லுங்கள். இத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் ஆள் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பையன்களைத் தேடியவர்களுக்கு வாசலில் கிடந்த சைக்கிள்கள்தான் வழி காட்டின.

நம்மால் குகைக்கு என்ன கெடுதல் வரும்? கல்தானே என்று நினைக்க வேண்டாம். தொங்கும் விழுதைத் தொட்டால் கை எண்ணெய் அதில் ஒட்டும். பிறகு சொட்டு சரியாகப் படியாது. கல் கருக்கும், வளர்ச்சி நிற்கும். ஞாபகத்துக்கு ஒரு துண்டு என்று உடைப்பவர்களும் உண்டு. அந்தத் துண்டு திருவள்ளுவர் காலத்துக்கு முன்பே வளரத் தொடங்கியதாக இருக்கலாம். பெலும் குகையில் ஏழு ஸ்வர அறை என்று ஒன்று உண்டு. அங்கே கல்லைத் தட்டினால் இனிய ஓசை வரும். ஆளாளுக்குத் தட்டினால் கல் என்ன ஆகும்? வழிகாட்டி தட்டும்போது கேட்டுக்கொண்டால் போதாதா? வெற்றிலை, குட்கா துப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கொடுத்த கல்லின் மேலேயே துப்புகிறார்கள்.

எதையும் தொடாமல் நின்றால்கூடக் கூட்டம் அதிகமானால் ஆபத்துதான். பிரான்ஸ் நாட்டில் லாஸ்கோ என்ற குகை இருக்கிறது. சுமார் 17,000 வருடத்துக்கு முன் மனிதர்கள் வரைந்த குதிரையும் காளையும் அதன் சுவரில் இருக்கின்றன. 1940ல் நான்கு பையன்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1948ல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடித்தது. 1963ல் குகையை மூடிவிட்டார்கள். பக்கத்தில் அதேபோல் ஒரு நகல் குகை கட்டி 1983ல் திறந்தார்கள். இப்போது அங்கே போகிறவர்கள் நகலைத்தான் பார்க்கிறார்கள்.