ஆசிரியைக்கு மதிப்பெண் இடுவது யார்?

காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்று நாம் ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு எழுதுகிறோம். நம் ஆசிரியைகளுக்கு மதிப்பெண் இடுவது யார்? பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காடும், ஆய்வுக்கு வரும் அதிகாரி பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் ஒரு பாடமுமே நெடுங்காலமாக அளவுகோல்கள். கெட்டிக்கார மாணவியர் நிறைந்த வகுப்பு, யார் கற்பித்தாலும் தேர்ச்சி பெறும். அதிகாரி வரும் நாளிலோ நாமேகூட வழக்கத்தைவிட அடக்கமாக உட்கார்ந்திருப்போம் அல்லவா!

இக்குறையைப் போக்க எழுந்ததே தொகுப்பேட்டு முறை. ஆங்கிலத்தில் இதைப் போர்ட்ஃபோலியோ என்பர். ஓவியர் தம் படங்களைப் பெரிய உறையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டுவதுபோல, ஆசிரியரும் தம் பணிக்குச் சான்றுகளைத் திரட்டிக் காட்டுகிறார். 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ ஷுல்மன் குழுவினர் இதைப் பள்ளி ஆசிரியர்களிடம் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்காவில் 1987இல் நிறுவப்பட்ட தேசிய ஆசிரியர் தர வாரியம் இம்முறையில், விரும்பி விண்ணப்பிப்போரை ஆராய்ந்து சான்றிதழ் வழங்கி வருகிறது. பாட அறிவுக்குத் தனித்தேர்வு உண்டு, அது நிற்க. தொகுப்பேட்டில் வகுப்பு நடக்கும்போது எடுத்த வீடியோப் படம், மாணவர் எழுதிய தாள்கள், அவற்றைப் பற்றி ஆசிரியர் எழுதும் விளக்கம் ஆகியன இருக்கும். பிள்ளைகள் படத்தில் வருவதால் பெற்றோரின் எழுத்து இசைவும் வேண்டும்.

விளக்கமே இதன் உயிர்நாடி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று ஒரு சிறுமி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுத்தாளில் அவளுக்குச் சுழி, கதை முடிந்தது. தொகுப்பேடோ அங்கேதான் தொடங்குகிறது. மேலெண்களை மேலெண்களோடும் கீழெண்களைக் கீழெண்களோடும் கூட்டிவிட்டாள் என்பதை ஆசிரியை கண்டாரா? ‘அரைத் தோசையோடு இன்னொரு துண்டையும் வைத்தால், மொத்தம் அரையைவிடக் குறையுமா?’ என்று கேட்டாரா? அடுத்த வாரத் தாளில் அவள் ஆறில் ஐந்து என்று எழுதினாளா? அந்த இரு தாள்களும், இடையில் ஆசிரியை செய்ததுமே சான்று. பின்வரிசைச் சிறுமியின் தாளுக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

ஆனால் இதிலும் ஆபத்து உண்டு. வட கரோலினா மாநிலத்தில் இச்சான்றிதழ் பெற்றவருக்கு 12 விழுக்காடு கூடுதல் ஊதியம். பணம் சேரும் இடத்தில் அலங்காரமும் சேரும். பளபளப்பான உறை சரக்கை மறைத்துவிடும் என்று ஷுல்மனே எச்சரித்தார். இதைத் தொகுக்கும் நேரத்தில் எத்தனை கட்டுரை நோட்டுகளைத் திருத்தலாம் என்று நம் ஆசிரியைகள் கேட்டால், அதுவும் நியாயமே.

நம் ஆசிரியைகள் எழுதும் பாடக்குறிப்பேட்டை இதன் ஒரு பாதி எனலாம். என்ன கற்பிக்கப் போகிறோம் என்பது அதில் உண்டு; மாணவியர் என்ன கற்றனர் என்பது இல்லை. மறுபாதி நம் வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. ஆண்டிறுதியில் பழைய நோட்டுகளை எடைக்குப் போடுமுன், ஜூன் மாதத் தாள் ஒன்றையும் மார்ச் மாதத் தாள் ஒன்றையும், சிவப்பு மைத் திருத்தங்களுடன் அப்படியே எடுத்து ஆசிரியையிடம் கொடுத்து வைக்கலாம்.