ஓர் எழுத்து மாறினால் கன்று ஏன் சாகிறது?

ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்தின் சில கன்றுகளுக்குச் சளி, கழிச்சல், ஈறில் புண் என்று மாறி மாறி வரும். மருந்து கொடுத்தாலும் தேறாது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்துவிடும். ரத்தத்தைச் சோதித்தாலோ, வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி இருக்கும். இத்தனை இருந்தும் ஏன் கிருமியைத் தாக்கவில்லை?

வெள்ளை அணு முதலில் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்ட வேண்டும்; பிறகுதான் வெளியேறிப் புண்ணை அடையும். ஒட்டுவதற்கு சிடி-18 என்ற புரதம் தேவை. அதன் மரபணுவில் 'ஏ' என்ற எழுத்து இருக்கவேண்டிய ஓரிடத்தில் 'ஜி' வந்ததால், 128ஆம் அமினோ அமிலம் மாறிப் புரதம் பயனற்றுப் போனது. 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

இந்தப் பிழையின் வேர், ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற அமெரிக்கக் காளை. இந்த மரபணுவின் பிழையான பிரதி ஒன்று மட்டும் உள்ள மாடு (சுமப்பி) நலமாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐவன்ஹோவின் வழிவந்த 'பெல்', தன் மகள்களுக்கு நல்ல பால்வளம் தந்த காளை. அதன் உறைவிந்து பல நாடுகளுக்குப் போனது, பிழையும் கூடவே போனது. இரு சுமப்பிகள் சேர்ந்தால் கன்று நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

சோதனை எளிது. மரபணுத் துண்டைப் பெருக்கி 'டாக்-ஒன்' நொதியைச் சேர்ப்பார்கள். சரியான துண்டு வெட்டுப்படும்; பிழையானது முழுசாக நிற்கும். இரண்டும் தெரிந்தால் அது சுமப்பி. இந்தியாவிலும் ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு இது செய்யப்படுகிறது.

ஆனால் மடிநோயை எதிர்க்கும் மாட்டை மரபணுவைப் பார்த்துக் கண்டறிவது இவ்வளவு சுலபமில்லை. அதில் பல மரபணுக்களுக்குச் சிறு சிறு பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான மரபணு அடையாளங்களைச் சேர்த்துத்தான் கணிக்கிறார்கள்.