குளிரில் எடுத்த வெயில் படம்

1981இல் வந்த 'பாடி ஹீட்' படத்தில் வியர்க்காத ஆளே கிடையாது. தூரத்தில் ஒரு கட்டடம் எரிகிறது. வேடிக்கை பார்த்து நிற்கிறவன் முதுகெல்லாம் ஈரம். அங்கே தொடங்கும் புழுக்கம் கடைசி வரை தணிவதில்லை.

ஆனால், புளோரிடாவில் இதைப் படம்பிடித்தது நல்ல குளிர்காலத்தில். வியர்வையெல்லாம் மேலே தெளித்த தண்ணீர். வாயிலிருந்து வரும் ஈரக்காற்று வெளிக்குளிரில் பட்டதும் நுண்ணிய நீர்த்துளிகளாகிப் புகைபோலத் தெரியுமே, அதை எப்படி மறைப்பது? ஷாட்டுக்கு முன்னால் நடிகர்கள் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்கள். வாய் குளிர்ந்துவிட்டால் மூச்சுக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்ப வேறுபாடு குறையும், புகையும் அடங்கும். பற்கள் கிட்டித்திருக்கும், பாவம்!

இவ்வளவு பாடு எதற்கு? 1940களின் ஹாலிவுட் குற்றப்படங்களை 'நுவார்' என்பார்கள். கறுப்பு வெள்ளை நிழல்தான் அவற்றின் உயிர். அதே பாணி பிற்காலத்தில் திரும்பி வந்தால் 'நியோ நுவார்'. வண்ணப்படத்தில் பழைய நிழல் எடுபடாது. அதன் வேலையை இங்கே வெக்கை செய்கிறது. கதை 1944இல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'யின் வழித்தோன்றல். பணக்காரனின் மனைவி மேட்டியிடம் மயங்கி, அவள் கணவனைக் கொல்லத் துணிகிறான் வக்கீல் நெட். அன்றைய தணிக்கையில் ஜாடையாக மட்டுமே காட்ட முடிந்த காமத்தை இயக்குநர் லாரன்ஸ் காஸ்டன் வெளிப்படையாகவே காட்டினார். இது அவர் இயக்கிய முதல் படம். மேட்டியாக வரும் கேத்லீன் டர்னருக்கும் முதல் படம். நம்பவே முடியாது. ஜான் பேரியின் சாக்ஸபோன் இசை தனியே கேட்டாலும் கிறங்கடிக்கும்.

குறை இல்லாமலில்லை. சொத்தைத் தலைமுறைகளுக்குக் கட்டிப்போடும் உயில் செல்லாது என்ற சட்ட விதியில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. படத்தில் இதனால் உயில் முழுவதுமே ரத்தாகிறது, உண்மையில் பொதுவாக அந்தத் தவறான பகுதி மட்டுமே விழும். நெட்டும் ஒரு வக்கீலுக்கு ரொம்பவே ஏமாளி. மேட்டியின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று படம் கடைசி வரை காட்டுவதே இல்லை. சிலருக்கு அது நிறை, எனக்குக் குறை.

ஆனாலும் நியோ நுவார் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள்.